எந்தக் கண்ணை மூடுவான்?

எங்கள் மகன் இறந்த பிறகும் அவனுடைய போனுக்கு நான் சார்ஜ் போட்டுக்கொண்டிருந்தேன். காலையில் கடைக்குக் கிளம்பும்போது என் போன் சட்டைப் பையில் இருக்கும், அவனுடையது பேன்ட் பையில். மாதம் தவறாமல் ரீசார்ஜும் செய்தேன். ஆரம்பத்தில் கடன் வேண்டுமா, கிரெடிட் கார்டு வேண்டுமா என்று யாராவது கூப்பிடுவார்கள். விஷயத்தைச் சொல்லுவேன். 'சாரி சார்' என்று வைத்துவிடுவார்கள். பிறகு அவர்களும் ஓய்ந்துபோனார்கள்.

திருவனந்தபுரத்தில் சாலை என்கிற கடைத்தெருவில் எனக்கு ஹார்டுவேர் வியாபாரம். கீல், தாழ்ப்பாள், ஆணி, ஸ்பிரிங், கதவைத் தானாகச் சாத்தும் டோர் குளோசர். என் அப்பா நாகர்கோவில் பக்கமிருந்து வந்து பிடித்த கடை. மகனுக்கு அந்த வாசனையே ஆகாது. நகருக்கு வெளியே கழக்கூட்டம் என்ற இடத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தான். ஒரே பிள்ளை. ஒரு மழை நாளில் தம்பானூரில் முழங்கால் தண்ணீரில் இறங்கி நடந்து வீட்டுக்கு வந்தான். அன்றைக்கு ஊரே அப்படித்தான் நடந்தது. எலிக்காய்ச்சல் எங்கள் வீட்டுக்கு மட்டும் வந்தது. ஆஸ்பத்திரியில் நினைவு இருந்த கடைசி நாளில், போன் வந்தால் நாங்கள் எடுத்துப் பேச வசதியாக இருக்கட்டும் என்று அதன் பூட்டை எடுத்துவிட்டிருந்தான். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு இஷ்டமில்லை.

மழை போய், பனி போய், அடுத்த வெயிலும் வந்துவிட்டது. ஒரு மத்தியானம் கடையில் ஓர் ஆள் நாலு கீல் வாங்க வந்துவிட்டு அலமாரியில் இருந்ததையெல்லாம் புரட்டிக்கொண்டிருந்தார். இந்த மாதிரி ஆட்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். கதவுக்குக் கீல்தானே பார்க்கிறீர்கள், பெண்ணா பார்க்கிறீர்கள் என்று கேட்டுவிடுவேன். அன்றைக்கும் கேட்கப்போன நேரத்தில் பேன்ட் பையில் இருந்த போன் அடித்தது.

"மோனே, சாதனம் வந்து, கேட்டோ! நீ பறஞ்ச அதே கேஸ் பிஸ்டன்."

யாரோ மலையாளி, வயதான குரல், மகனே நீ சொன்ன பொருள் வந்துவிட்டது என்கிறார். நான் அவன் அப்பா என்று தமிழில் தடுமாறியதும் அவரும் தமிழுக்கு மாறிவிட்டார். "ஓ, அச்சனா! எனக்குத் தமிழ் நல்லா வரும் சாரே. ஏர் கன் கடையில இருந்து பேசறேன். மோன் சொல்லிவச்ச துப்பாக்கி இப்பத்தான் ஸ்டாக் வந்திருக்கு. மோன் எங்கே?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அது எனக்கு நன்றாகப் பழகிப்போன சொல். பேங்கில், அவன் ஆபீசில், கார்ப்பரேஷனில், எங்கெல்லாமோ சொல்லிச் சொல்லி நாக்கு மரத்துப்போயிருந்தது. ஆனால் அந்தக் குரலில் இருந்த உற்சாகம் என்னை என்னவோ செய்துவிட்டது. இத்தனை மாதத்தில் அவனைச் சந்தோஷமாகக் கூப்பிட்ட ஒரே ஆள் அவர்தான்.

"ஊர்ல இல்ல. பெங்களூருக்குப் போயிருக்கான். நான் வந்து பாக்கேன்" என்றேன்.

போனை வைத்த பிறகுதான் துப்பாக்கியா என்று உறைத்தது. அவனுக்குத் துப்பாக்கி ஆசை இருந்தது எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் வித்துராவில் கூட்டாளி வீட்டுக்குப் போவான். அருவியில் குளிக்கிறான்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என்னிடம் சொல்லாததில் ஆச்சரியம் இல்லை. சொல்லியிருந்தால் சாமியாட்டம் ஆடியிருப்பேன்.

பாளையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், கோப்பைகளும் ஷட்டில் மட்டைகளும் விற்கும் கடைக்கு மாடியில் இருந்தது அந்த இடம். நல்லவேளை, எங்கள் சாலைக் கடைத்தெருவிலிருந்து தெரிந்த ஆள் எவனும் அந்தப் பக்கம் வரமாட்டான். கடைக்காரர் தலைக்குச் சாயம் பூசி, சட்டையை இன் பண்ணி, நெஞ்சை நிமிர்த்தி நின்றார். இளவயதில் கோயம்புத்தூரில் மில் வேலை. அங்கே படித்த தமிழைச் செலவழிக்க ஆள் கிடைக்காமல் தவித்தவர் போல என்னைப் பிடித்துக்கொண்டார். ஒரு காலத்தில் போட்டிகளில் சுட்டவராம். அந்தப் பெருமையைக் கேட்டு முடிக்காமல் துப்பாக்கியைக் காட்ட மாட்டார்.

"சாரோட மோன் இங்க வந்தா ரெண்டு மணிக்கூர் நிக்கும். ஒண்ணும் வாங்காது. கேள்வி மட்டும் கேக்கும்" என்று சிரித்தார். "அப்போ இந்த சாதனம் கையில இல்லல்லோ. படம் வச்சுத்தான் பேசினது. ஒருநாள் ஸ்பிரிங் பத்தி எனக்கும் அவனுக்கும் பெரிய தர்க்கம். அப்போ சொல்லிச்சு, எங்க அச்சனுக்கு ஸ்பிரிங் விஷயம் எல்லாம் மனப்பாடம், ஒருநாள் கூட்டிட்டு வாரேன், அவர் சொன்னாத்தான் நீங்க ஒத்துக்குவீங்கன்னு."

நான் அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். இறந்தவனைப் பற்றிப் புதிதாக எதுவும் வராது. இருப்பதையே திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். இங்கே எனக்குத் தெரியாத ஒன்று கிடைத்தது. என்னைக் கூட்டிவரப் போவதாகச் சொல்லியிருக்கிறான். கடைக்காரர் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். மாடிப்படி கொஞ்சம் செங்குத்து என்று படியின் மேல் பழியைப் போட்டேன்.

அன்றைக்கே வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். வாங்கவில்லை. வாங்கிவிட்டால் மறுபடி வர முகாந்திரம் இல்லையே. ஸ்பிரிங் வைத்ததையும் காட்டுங்கள், யோசிக்க வேண்டும் என்றேன். கீல் புரட்டுகிற ஆளை ஏசுகிற நான்தான் இப்படிச் சொன்னேன்.

இந்தத் துப்பாக்கிகளில் வெடிமருந்து கிடையாது. குழலைப் பிடித்து மடக்கினால் உள்ளே பிஸ்டன் பின்னால் போய்ப் பூட்டிக்கொள்ளும். விசையை இழுத்ததும் அது பாய்ந்து முன்னால் வந்து காற்றை நெருக்கும். அந்தக் காற்று குண்டைத் தள்ளும். பிஸ்டனைப் பாயவைப்பது இரண்டு வகை. ஒன்று நம்முடைய சுருள் ஸ்பிரிங். இன்னொன்று கேஸ் அடைத்த தண்டு, ஆபீஸ் நாற்காலியை ஏற்றி இறக்குகிறதே அதே மாதிரி. கேஸ்தான் நல்லது, குழலை மடக்கிவைத்து எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காத்திருக்கலாம், அதற்கு அலுப்பு வராது என்றார் கடைக்காரர். ஸ்பிரிங்கை அப்படி அமுக்கியே வைத்திருந்தால் தளர்ந்துபோகும்.

"கேஸ் வச்ச டோர் குளோசர் எத்தனை என் கடைக்குத் திரும்பி வருகுன்னு உங்களுக்குத் தெரியாது. ஒருக்கா ஒழுகினா தூக்கிப் போட வேண்டியதுதான். ஸ்பிரிங் போச்சுன்னா வேற ஸ்பிரிங் மாட்டலாம்லா?" என்றேன்.

"அச்சனும் மோனும் நேர் எதிர்! மோனுக்குக் கேஸ் தான் வேணும்."

"அவன் பிடிவாதக்காரன். எதைச் சொன்னாலும் எதிர்த்துப் பேசாட்டா அவனுக்குச் சோறு எறங்காது."

சொல்லிவிட்டு நானே அதைக் கேட்டேன். உயிரோடு இருப்பவனைச் சொல்லுகிற மாதிரி, இறங்காது என்று சொல்லியிருந்தேன். இறங்கியதில்லை என்று அல்ல. அன்றைக்கு வீட்டுக்கு வந்து ராத்திரிச் சாப்பாட்டை ஒழுங்காகச் சாப்பிட்டேன். மனைவி தலையை நிமிர்த்தி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒருதரமாவது பாளையத்துக்குப் போவது வழக்கமாயிற்று. சாலைக் கடைத்தெருவில் எல்லோரும் அவனைப் பற்றிக் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்கள். நல்ல பையன், தங்கமான பையன் என்பார்கள். தங்கமான பையனைத் திட்ட முடியாது. மாடிக்கடையில் எனக்கு அந்தச் சுதந்திரம் இருந்தது. போன் பண்ண மாட்டேன் என்கிறான், சம்பளத்தைக் கண்டபடி செலவழிக்கிறான், அம்மாவிடம் மட்டும் கொஞ்சுகிறான் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லித் திட்டுவேன். கடைக்காரர் தம் மகளைப் பற்றி அதே மாதிரி திட்டுவார். இரண்டு பேரும் டீ குடிப்போம். அவனைத் திட்டிவிட்டு இறங்கும்போது உடம்பில் அப்படி ஒரு தெம்பு. படியின் அடியில் வெயில் முகத்தில் அடிக்கும். அப்போதுதான் அவன் மறுபடி போவான். ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில்தான் போனான்.

ஸ்பிரிங்கா கேஸா என்ற வழக்கை இழுக்க முடிந்த மட்டும் இழுத்தேன். கடைசியில் மகன் பக்கமே ஜெயித்தது. கேஸ் என்று முடிவாகிவிட்டது. அடுத்தது ஸ்கோப். குழலுக்கு மேலே வைத்துக் குறிபார்க்கிற தூரக்கண்ணாடி. கடைக்காரருக்குக் கதை சொல்ல இன்னொரு வாசல் திறந்தது.

"இதுல தான் ஆளுங்க ஏமாறும் சாரே. வெளிநாட்டுல இருந்து மச்சான் கொண்டு வந்தது, விலை கூடின ஸ்கோப்புன்னு எடுத்து இதுல மாட்டும். ஒரு டப்பா குண்டு தீரும் முன்னே உள்ள இருக்கிற குறுக்குக் கோடு அறுந்து தொங்கும்."

நான் நம்பவில்லை. வெடிமருந்துத் துப்பாக்கியின் உதையைத் தாங்குவது இந்தக் காற்றுத் துப்பாக்கிக்குத் தாங்காதா என்றேன். அவர் மேஜையைத் தட்டி விளக்கினார். அந்தத் துப்பாக்கி பின்னால் மட்டும்தான் உதைக்கும். அதற்கான ஸ்கோப்பை அந்த ஒரு பக்கத்து உதைக்குத்தான் கட்டியிருப்பார்கள். பிஸ்டன் துப்பாக்கி முதலில் பின்னால் உதைக்கும், பிஸ்டன் முன்னால் போய் முட்டும்போது முன்னாலும் ஓர் இழுப்பு இழுக்கும். இரண்டு பக்கமும் வாங்கிக்கொள்கிற மாதிரி கட்டிய ஸ்கோப்தான் வேண்டும். பிடித்து நிறுத்தும் கவ்வியும் ஒரே துண்டாக, பின்னால் நழுவாமல் முள் வைத்ததாக இருக்க வேண்டும். பக்கத்தில் உள்ளதையும் தெளிவாகக் காட்ட வேண்டும். தூரத்துக்கென்றே செய்ததில் பத்து மீட்டரில் இருப்பது கலங்கித் தெரியும்.

ஸ்கோப்பை மட்டும் தனியாகக் கையில் கொடுத்து, சன்னல் வழியாகப் பாருங்கள் என்றார். கீழே சந்து, சந்து முனையில் பஸ் நிறுத்தம். நான் ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். பஸ்ஸுக்கு நிற்கிறவர்களின் முகங்கள் வட்டத்துக்குள் வந்தன. ஒரு பெண் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஒருவர் பல் குத்திக்கொண்டிருந்தார். அவர்களுக்குப் பின்னால், ஓர் இளைஞன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். வலது தோளில் பை. பை நழுவும்போதெல்லாம் தோளை ஓர் உலுக்கு உலுக்கி ஏற்றினான். அந்த உலுக்கலை எனக்குத் தெரியும்.

அவன் திரும்பவேண்டும் என்றும் திரும்பக்கூடாது என்றும் ஒரே மூச்சில் வேண்டிக்கொண்டேன். பஸ் வந்தது. ஏறிவிட்டான். முகம் தெரியவில்லை.

"எப்படி?" என்றார் கடைக்காரர்.

"தெளிவு பத்தாது. வேற காட்டுங்க" என்றேன்.

அந்தக் கடையில் இருந்த ஸ்கோப் ஒவ்வொன்றையும் அந்தச் சன்னலில் வைத்துப் பார்த்திருக்கிறேன். நான் குறை சொன்னதெல்லாம் கண்ணாடியைப் பற்றித்தான். தேடியது வேறு. அவர் சலித்துக்கொள்ளவில்லை. அச்சனுக்கும் மோனுடைய அதே சுபாவம் என்று சிரித்தார். சரி, இந்த ஸ்கோப்பின் படத்தை அவனுக்கே அனுப்பிக் கேட்கிறேன் என்று சொல்லி, நான் தடுப்பதற்குள் போனை எடுத்துப் படம் பிடித்து அனுப்பிவிட்டார். என் பேன்ட் பைக்குள் அவன் போன் அதிர்ந்தது. தொடையோடு சேர்த்து அமுக்கிக்கொண்டேன்.

"மீட்டிங்ல இருப்பான். மெதுவாத்தான் பாப்பான்" என்றேன்.

மறுநாள் கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து அந்தப் படத்தை எடுத்தேன். நல்ல ஸ்கோப்தான். பதிலாக ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பினேன். அனுப்பியபின் அந்தத் திரையைப் பார்த்தேன். அவன் பெயரில், அவன் பக்கத்திலிருந்து, ஒரு கட்டைவிரல். அனுப்பியது நான்தான் என்று தெரிந்தும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷம்தான் என்னைப் பயமுறுத்தியது. போனைக் கல்லாப் பெட்டிக்குள் போட்டு மூடினேன். சாயந்திரம் மறுபடி எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

அடுத்த தடவை போனபோது கடைக்காரர் அந்தக் கட்டைவிரலை எல்லோருக்கும் காட்டாத குறை. "மோன் சம்மதிச்சு! இனி ஒரே ஒரு காரியம். கட்டையைத் தீர்மானிக்கணும்." துப்பாக்கியின் பின்பாகத்து மரத்தில் கன்னம் வைப்பதற்கு ஒரு மேடு இருக்கும். வலது தோளில் வைக்கிறவனுக்கு அது ஒரு பக்கம், இடது தோளில் வைக்கிறவனுக்கு மறுபக்கம். "மோன் குறிபார்க்கும்போ எந்தக் கண்ணை மூடும்?"

"வலது கைதான் அவனுக்கு."

"கையல்ல சாரே, கண்ணு. சிலருக்கு கை வலதும் கண்ணு இடதுமா இருக்கும். அப்படிப்பட்டவன் இடது தோளில வச்சுப் பழகணும். எந்தக் கண்ணை மூடும்?"

எனக்குத் தெரியவில்லை. இருபத்தைந்து வருஷம் என் வீட்டில் வளர்ந்த பிள்ளை. எத்தனை ஆணிக்கு எவ்வளவு எடை என்று கேட்டால் தூக்கத்தில் சொல்லுவேன். அவன் எந்தக் கண்ணை மூடுவான் என்று தெரியவில்லை. கேட்டுச் சொல்லுகிறேன் என்று இறங்கி வந்தேன்.

யாரிடம் கேட்பது? வீட்டில் ஆல்பத்தைப் புரட்டினேன். எல்லாப் படத்திலும் இரண்டு கண்ணையும் திறந்துகொண்டு நிற்கிறான். படத்தில் வேறென்ன செய்வான்? மனைவியிடம் கேட்காமல் தீராது என்று ஆகிவிட்டது. கரமனையில் எங்கள் வீட்டு அடுக்களையில் அவள் புளி கரைத்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்ச பாரு, கேமராவில பாக்கும்போ அவன் எந்தக் கண்ணை மூடுவான்?"

கை புளித்தண்ணீருக்குள்ளேயே நின்றது. ஏன் என்று கேட்பாள் என்று பதில் தயார் பண்ணி வைத்திருந்தேன்.

"வலது கண்ணு" என்றாள். "வலதை மட்டுந்தான் தனியா மூட வரும். இடதை மூடச் சொன்னா ரெண்டும் சேந்து மூடிரும். மூஞ்சி பூரா சுருங்கிப் போவும். சின்னதில நான் அதைச் செய்யச் சொல்லிச் செய்யச் சொல்லிச் சிரிப்பேன்." சொல்லும்போதே அவள் முகம் அந்த மாதிரி சுருங்கியது. சட்டென்று திரும்பிக்கொண்டாள்.

பிறகு அடுப்பைப் பார்த்தபடியே கேட்டாள். "வாரவாரம் எங்க போறிய?"

சொன்னேன். போன் அடித்தது, பெங்களூர், கேஸ் தண்டு, ஸ்கோப், கட்டைவிரல் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டுவாள், அழுவாள், அல்லது தன் அண்ணனைக் கூப்பிட்டு எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று சொல்லுவாள் என்று எதிர்பார்த்தேன். குழம்பை இறக்கிவைத்தாள். "நானும் ஒருநா வாரேன்" என்று மட்டும் சொன்னாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. நேரில் வந்து, அந்த மனுஷரிடம் உண்மையைச் சொல்லி, மன்னிப்புக் கேட்டு, எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்கப் போகிறாள். முடியவேண்டியதுதான் என்று ஒரு மனசு சொன்னது. இன்னொரு மனசு கிடந்து துடித்தது. அந்த ஒரு மாடியில்தான் அவன் உயிரோடு இருக்கிறான், அங்கேயும் போய்விட்டால் பிறகு எங்கே என்று கேட்டது. போகிற நாள் காலையில் அவள் கல்யாணத்துக்குக் கட்டுகிற பட்டுச்சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டாள். தலையில் பூ வைத்தாள். அவன் போன பிறகு அவள் பூ வைத்து நான் பார்த்ததில்லை.

கடைக்காரர் படிவரை வந்து வரவேற்றார். "அம்மா வந்தாச்சு! இனி சீக்கிரம் முடியும்." டீக்குச் சொல்லிவிட்டார். துப்பாக்கியைத் துடைத்து, துணி விரித்து மேஜையில் வைத்திருந்தார். மேலே ஸ்கோப் மாட்டியிருந்தது. இரண்டு பக்கமும் மேடு வைத்த கட்டை. "வலதை மூடும், இடது கண்ணுக்காரன்னு சார் போன்ல சொன்னதும் இதை எடுத்து வச்சேன். மோன் எப்போ வரும் அம்மா?"

இதோ, சொல்லப் போகிறாள் என்று மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"ஓணத்துக்கு லீவு கெடைக்கும்னு சொன்னான்" என்றாள் அவள்.

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. கடைக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் பிரகாசமாக இருந்தது. துப்பாக்கியைத் தொட்டுப் பார்த்து, இது தோளில் இடிக்குமா என்று கேட்டாள். ஒல்லி உடம்பாச்சே என்றாள். உடனே தானே திருத்திக்கொண்டாள். "இப்போ கொஞ்சம் தடிச்சிருக்கான். ஓட்டல் சாப்பாடுல்லா. தாடி வேற வச்சிருக்கான். எடுல மக்கான்னா கேக்க மாட்டேங்கான்."

"இப்போ உள்ள பிள்ளைகள் எல்லாம் தாடிதான்" என்று அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். நான் மாதக்கணக்கில் தட்டுத் தடுமாறிச் சொன்ன பொய்யை அவள் மூச்சுவிடுகிற மாதிரி சொன்னாள். நான் அவனைப் பெங்களூரில் விட்டுவைத்ததோடு சரி. அவள் அவனுக்கு அறை பார்த்துக் கொடுத்திருந்தாள், கூட இருக்கிற பையன் கொல்லத்துக்காரன், துணி துவைக்க ஆள் உண்டு. ஆட்டோவில் வரும்போது யோசித்ததாக இருக்காது. என்றைக்கோ யோசித்து வைத்திருந்தவை.

எனக்கு முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. அவன் பிழைத்துக்கொண்டான் என்றே தோன்றியது. டீ வந்தது, குடித்தேன். பிறகு மெல்ல உறைக்க ஆரம்பித்தது. அவள் முடித்து வைப்பாள் என்று நம்பித்தானே நான் இத்தனை தூரம் போனேன்? இனி வீட்டுக்குப் போனாலும் அவன் பெங்களூரில்தான் இருப்பான். ஓணத்துக்கு அவனுக்கும் இலை போடச் சொல்லுவாள். வேண்டாம் என்று சொல்ல எங்கள் வீட்டில் ஓர் ஆள் மிச்சம் இல்லை.

கடைக்காரர் ஸ்கோப்பின் பின் வளையத்தில் கை வைத்தார். "இந்த வளையத்தை அவனவன் கண்ணுக்குத் தக்க திருப்பணும். கோடு கறுப்பாத் தெளிஞ்சு வரணும். மோன் வந்துதான் செய்யணும், ஆனா ஏகதேசம், ஒரு குத்துமதிப்பா நான் வச்சுத் தாரேன். இங்க வந்தப்போ கண்ணாடி கண்டதில்ல. கம்ப்யூட்டர் வேலையல்லே, இப்போ வச்சிருக்கா?"

"இந்த வருஷம்தான் போட்டான்" என்றாள். "கறுப்பு ஃப்ரேம். அவனுக்கு எடுப்பா இருக்கு."

அவர் வளையத்தைத் திருப்பத் தொடங்கினார்.

தடித்து, தாடி வைத்து, கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவன் அந்தச் செங்குத்துப் படியில் ஏறி வருவதை நான் பார்த்தேன். கண்ணால் பார்த்த மாதிரி பார்த்தேன். வந்து எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றான். அவனை எனக்குத் தெரியாது. எங்கள் பிள்ளை ஒல்லி. கன்னம் மழுமழுவென்று இருக்கும். கண்ணாடி போட்ட தழும்பு மூக்கில் கிடையாது. கடைசியாக அந்த முகத்தை ஈரத்துணியால் துடைத்தது நான். இந்த ஆள் இங்கே வந்து உட்கார்ந்துவிட்டால் எங்கள் பிள்ளை எங்கே போவான்?

"அவனுக்குக் கண்ணாடி கெடையாது" என்றேன்.

"உங்களுக்குத் தெரியாது. புதுசாப் போட்டது" என்றாள், அவரைப் பார்த்தபடியே.

"கண்ணாடி கெடையாது. தாடி கெடையாது. அவன் பெங்களூர்ல இல்ல." என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. "அவன் செத்துப்போயாச்சு. போன மழையில. நீங்க போன் பண்ணும்போதே அவன் இல்ல."

கடைக்காரர் வளையத்திலிருந்து கையை எடுத்தார். எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் பையில் இருந்த போனை, அந்தக் கட்டைவிரலை நினைத்திருப்பார். "சாரே..." என்றார். அதற்கு மேல் அவருக்குத் தமிழும் வரவில்லை, மலையாளமும் வரவில்லை. மெல்ல உட்கார்ந்துவிட்டார்.

என் மனைவி அழவில்லை. முகத்தில் இருந்த பிரகாசம் மட்டும் மெதுவாக இறங்கியது. அப்போதுதான், அன்றைக்கு முதல்முறையாக, என் பக்கம் திரும்பினாள்.

"இத்தன மாசமா நீங்க மட்டும் அவனை வச்சிருந்தியல்லா" என்றாள். "எனக்கு ஒரு நாளு தரப்பிடாதா?"